பெயர்களின் மேல் வெறுங்கால்

இத்தாலியில் ஒரு பழைய கத்தோலிக்கப் பங்குக் கோயில். நூற்றாண்டுக்கொரு வளைவாகக் கட்டியதாம். அண்ணாந்து பார்த்தபடி நடந்தேன். தரைக்கல்லில் செதுக்கிய எழுத்துகள் என் வெறுங்காலில் குளிர்ந்தன.

எண்பதுகளில், நாங்கள் குடியேறியிருந்த பிரெஞ்சு நகர்ப்பகுதியான லா ஷப்பலில் எங்கள் கோயிலிலும் இதே குளிர்தான். எல்லாரும் சப்பாத்தோடு உள்ளே போக, அம்மா மட்டும் மன்னார் வழக்கப்படி தன் சப்பாத்தையும் என் சப்பாத்தையும் வாசலில் கழற்றிவிடுவார். ஒருநாள் காலடியில் எழுத்துகள் தட்டுப்பட்டன.

"இது என்னம்மா?"

அம்மா குனிந்தார். பெயருக்குக் கீழே சிலுவையும் மண்டையோடும் இருந்தன.

"ஆரையோ இதுக்குள்ள அடக்கியிருக்கினம்."

"அப்ப ஏன் மிதிக்கிறம்?"

அம்மா குழம்பிப்போனார். சப்பாத்தோடு கோயிலுக்குள் போகக்கூடாது. கல்லறையை மிதிக்கவும் கூடாது.

"ஓரத்தால வா."

ஓரத்திலும் பெயர்கள்தான். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டார். அவர் நின்றதும் ஒரு பெயரின் மேல்தான்.

இன்று என்னைத் தூக்க ஆளில்லை. அடுத்த காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கிறேன்.