டைனமோ வேஷம்

என் அக்காவின் கணவர் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறார். விபத்தில் அடிபட்ட கார்களைப் போய்ப் பார்த்து, சொந்தக்காரர் எந்த இடத்தில் பொய் சொல்கிறார் என்று எழுதிக்கொடுப்பது அவர் தொழில். இருபது வருடமாக அடுத்தவர் வண்டியில் பொய் தேடியவருக்கு இந்த உலகத்தில் சுத்தமானது ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. வீட்டு ஷெட்டில் நிற்கும் அவருடைய அறுபது வயது கார்.

ஆறு வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு நான் அக்கா வீட்டில் வந்து இறங்கிய அன்று, பெட்டியை உள்ளே வைக்கக்கூட விடாமல் என்னை ஷெட்டுக்கு அழைத்துப் போனார்.

"ஒரு ஆணி கூட மாத்தலை. எல்லாம் ஃபேக்டரில போட்டது."

நான் பார்த்த தேசங்களைப் பற்றி அத்தான் கேட்ட ஒரே கேள்வி, "அங்கெல்லாம் இந்த மாடல் ஓடுதா?" என்பதுதான். இல்லை என்றேன். அந்த தேசங்கள் மேல் அவருக்கிருந்த கொஞ்ச மரியாதையும் போயிற்று.

அந்தக் காருக்கு ஊழியம் செய்வது அக்கா. அத்தானுக்கு இடுப்புப் பிடிப்பு, குனிந்தால் நிமிர முடியாது. அதிகாரம் செய்ய இடுப்பு தேவையில்லை என்பதால் வாழ்க்கை ஓடுகிறது. சும்மா நிற்கும்போது பேட்டரி இறங்கிவிடும் என்று, சாயங்காலம் அதைக் கழற்றி, காலையில் மாட்ட வேண்டும். மற்ற கார்களில் பேட்டரியின் மைனஸ் முனை பாடியோடு சேரும். இந்தக் கிழத்தில் பிளஸ் முனை. பானட்டுக்குள் அதைச் சொல்லும் பித்தளைத் தகடு ஒன்று இருக்கிறது. கல்யாணமான புதிதில் மாற்றி மாட்டப் போன அக்காவை அவர் திட்டிய திட்டில், பன்னிரண்டு வருடம் கழித்தும் அவள் மாட்டும்போது "பிளஸ் பாடிக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டுதான் மாட்டுகிறாள்.

வருடத்துக்கு ஒருமுறை பழைய கார்களின் கண்காட்சி நடக்கும். அசல் நிலை கெடாத வண்டிக்கு ஒரு கேடயம். எதையாவது மாற்றியிருந்தால் அந்த இடத்திலேயே பெயரை அடித்துவிடுவார்கள். கூடத்து அலமாரியின் நடுத்தட்டை அத்தான் மூன்று வருடமாக அதற்குக் காலியாக வைத்திருந்தார். அக்கா அதில் ஒரு பூச்சாடி வைத்தால்கூட எடுத்துக் கீழே வைத்துவிடுவார். கேடயம் வராததற்குக் காரணம், ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோ. கண்காட்சியின் கடைசியில் ஒரு மணி நேர ஊர்வலம் உண்டு. எல்லாரும் விளக்கைப் போட்டுக்கொண்டு நடை வேகத்தில் ஓட்ட வேண்டும். அந்த வேகத்தில் டைனமோ மின்சாரம் தராது. மூன்று வருடமும் பாதி வழியில் ஹெட்லைட் மங்கி, வண்டி நின்று, அக்காதான் தள்ளினாள்.

இந்த வருடம் அவர் என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனார். அந்த ஆளை எல்லாரும் 'ஃபியூஸ்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். பேச ஆரம்பித்த இரண்டாவது நிமிடம் எரிந்துவிடுவார்.

"ஆல்டர்னேட்டர் போட்டுருங்க சார். நின்னுகிட்டிருந்தாகூட சார்ஜ் ஏறும்."

"போடணும். ஆனா போட்ட மாதிரி தெரியக்கூடாது."

அத்தான் துணிப்பையிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தார். தபாலில் வரவழைத்தது. உள்ளே ஆல்டர்னேட்டர், வெளியே டைனமோ வேஷம். ஃபியூஸ் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

பழைய சார்ஜிங் ஒயரை இழுத்தபோது அதன் துணி உறைக்குள் ரப்பர் பொடிப்பொடியாக உதிர்ந்தது. "பழைய கரண்டையே இது பல்லைக் கடிச்சிக்கிட்டுத் தாங்கியிருக்கு. ரெண்டு மடங்கு வந்தா உருகிடும்" என்றார் ஃபியூஸ். புது ஒயர் போடலாம், ஆனால் பழைய துணி உறை வேண்டும் என்றார் அத்தான். விரல் தடிமன் ஒயரைப் பென்சில் தடிமன் உறைக்குள் நுழைக்க அரை நாள் ஆயிற்று. ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். பழைய டைனமோவின் மின்சாரத்தைக் கட்டுப்படுத்திய ரெகுலேட்டர் பெட்டிக்கு இனி வேலையில்லை. உள்ளிருந்ததை எடுத்துவிட்டு வெறும் பெட்டியை மட்டும் பழைய இடத்தில் திருகினார்கள். மூளை இல்லாத மண்டை. அத்தானுக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

"இனிமே மைனஸ்தான் பாடிக்கு" என்றார் ஃபியூஸ். "மாத்தி மாட்டினா அந்த நொடியே ஆல்டர்னேட்டர் உள்ள இருக்கிற டயோடு அத்தனையும் எரிஞ்சு போயிடும். அந்தத் தகட்டைக் கழட்டிடறேன்."

"தகட்டுல கை வைக்காதீங்க. நடுவர் மொதல்ல பார்க்கிறதே அதைத்தான்."

"அப்ப வீட்டுல சொல்லி வைங்க."

"வீட்டுல யாரு, என்ஜினியரா இருக்காங்க? நான் பார்த்துக்கிறேன்."

பிளஸ் முனைக்குப் போகும் ஒயரில் ஃபியூஸ் அடையாளத்துக்குச் சுற்றிவிட்ட சிவப்பு டேப்பை வீட்டுக்கு வந்ததும் அத்தான் நகத்தால் உரித்தார். அக்காவிடம் சொல்லிவிடச் சொன்னேன்.

"உங்க அக்கா காதுல விழுந்தா தெருவுக்கே தெரிஞ்ச மாதிரி. நாலு நாடு சுத்தினவ, உனக்கு வாயை மூடிக்கிட்டு இருக்கத் தெரியாதா?"

மூன்று நாள் அவரே முனகிக்கொண்டு குனிந்து பேட்டரியைக் கழற்றி மாட்டினார். அக்கா சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "என் மேல திடீர்னு பாசம் வந்துடுச்சு போலடி" என்றாள். நான் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டேன்.

கண்காட்சி மைதானத்தில் நிறுத்தியிருக்கும் வண்டிகளில் பேட்டரியைக் கழற்றி வைக்க வேண்டும் என்பது விதி. தீப் பயம். அத்தானே கழற்றி வைத்திருந்தார். எங்கள் முறை வந்தபோது நடுவர் கையில் பூதக்கண்ணாடியோடு வந்தார். இருமல் மிட்டாய் சப்பும் கிழவர். தகட்டைப் பார்த்தார், துணி உறையைத் தடவினார், தாளில் ஒவ்வொன்றாக டிக் போட்டார். அத்தான் பேச்சை நிறுத்தவில்லை.

"சரி, பேட்டரிய மாட்டுங்க. விளக்கைப் பார்க்கணும்" என்றார் நடுவர்.

அத்தான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிவதற்குள் அக்கா பேட்டரி அருகே போய்விட்டாள். பன்னிரண்டு வருடப் பழக்கம். பேட்டரியைப் பாடியோடு சேர்க்கும் உலோகப் பட்டையைக் கையில் எடுத்தாள். அத்தான் இரண்டடி தள்ளித்தான் நின்றார். "மாத்தி மாட்டு" என்று இரண்டு வார்த்தை போதும், ஆனால் நடுவர் பக்கத்தில் இருந்தார். நான் அத்தானைப் பார்த்தேன். சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"பிளஸ் பாடிக்கு" என்றாள் அக்கா.

"பரவாயில்லையே" என்றார் நடுவர்.

படீரென்று ஒரு பொறி. துணி உறையிலிருந்து புகை சுருண்டு வந்தது. அக்கா பட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு விரலை உதறினாள்.

புகை அடங்கும் முன்பே அத்தான் ஆரம்பித்துவிட்டார். "அறிவிருக்கா உனக்கு? மாத்தி மாட்டியிருக்கே. மன்னிக்கணும் சார், பொம்பளைங்களுக்கு இதெல்லாம் எங்க புரியுது."

நடுவர் குனிந்து தகட்டைப் படித்தார். பட்டையைப் பார்த்தார். மறுபடியும் தகட்டைப் படித்தார்.

"அவங்க சரியாத்தானே மாட்டினாங்க."

அத்தான் மறுபடியும் கைக்குட்டையை எடுத்தார்.

"அப்ப வேற ஏதோ மாறியிருக்கு" என்றார் நடுவர். டைனமோவை விரல் கணுவால் தட்டி முகர்ந்து பார்த்தார். தாளில் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார்.

அக்கா என்னைப் பார்த்தாள். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவள் கையை விரித்துப் பார்த்தாள். விரல் நுனி வெளுத்துப்போயிருந்தது. குழாயடிக்குப் போய் வெகுநேரம் தண்ணீரில் காட்டிக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் காய்கறி லாரி ஒன்றின் பின்னால் காரைக் கயிற்றில் கட்டினார்கள். அத்தான் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தார். பக்கத்துக் கதவைத் திறந்து வைத்து அக்காவைப் பார்த்தார். அவள் அதைத் தாண்டி நடந்து லாரியின் முன்பக்கம் ஏறிக்கொண்டாள். நானும் ஏறினேன். அவள் நகர்ந்து இடம் விடவில்லை, கதவோரமாக ஒடுங்கிக்கொண்டேன்.

வேகம் கூடியதும் கண்ணாடியில் பார்த்தேன். அத்தான் ஹாரன் பொத்தானை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே இருந்தார். பேட்டரி கழற்றிய வண்டி. சத்தம் வரவில்லை. பிறகு தலையை வெளியே நீட்டிக் கையை ஆட்டினார்.

"பின்னால சார் ஏதோ சொல்றாரு போலிருக்கே" என்றார் லாரிக்காரர்.

"அவரு எப்பவும் ஏதாவது சொல்லிக்கிட்டுத்தான் இருப்பாரு" என்றாள் அக்கா. "நீங்க ஓட்டுங்க, அண்ணே."