ராசம்மாள் நாய்க்குட்டி எடுக்கப் போகிறாள்

ராசம்மாளுக்கு எதற்கும் ஒரு காரணம் வேண்டும். காரணமில்லாமல் யார் வீட்டு வாசலையும் மிதிக்க மாட்டாள். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். ஆனாலும் சாயங்காலம் பேச வரவேண்டுமென்றால் கையில் ஒரு கிண்ணத்தோடு வந்து கறிவேப்பிலை கேட்பாள். அவள் கிணற்றடியிலேயே இரண்டு ஆள் உயரத்துக்குக் கறிவேப்பிலை மரம் நிற்கிறது. அதைப் பற்றி நான் வாயைத் திறந்ததில்லை. திறந்தால் மறுநாளிலிருந்து வரமாட்டாள்; ஊர்ச் சங்கதி ஒன்றும் எனக்குக் கிடைக்காமல் போய்விடும்.

நான் சித்ரா. கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் பால் அளக்கிறேன். கேனில் ஒரு டம்ளர் தண்ணீர் சேர்ந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். ராசம்மாள் மனதில் என்ன சேர்ந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்கு இத்தனை வருஷம் பிடித்தது.

இரண்டு பசு, ஒன்றரை ஏக்கர் கடலைக்காடு, ஈஸ்வரன் என்று ஒரு புருஷன். இதுதான் அவள் குடித்தனம். ஈஸ்வரன் மாமா பேசவேண்டியதையும் சேர்த்து அவளே பேசிவிடுவதால் அவருக்கு வாய் அநேகமாகச் சாப்பிட மட்டும்தான் பயன்பட்டது. கூடப் பிறந்தவள் ஒரே ஒரு தங்கை, தெய்வாத்தாள். அரை மணி நேரம் நடந்தால் அவள் ஊர். நடுவில் எல்லை ஒன்று இருப்பதால் இவள் கேரளா, அவள் தமிழ்நாடு. இதெல்லாம் சர்க்கார் கணக்கு. எங்களுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே பேச்சு, ஒரே சாமி, ஒரே பஸ்.

அந்தத் தங்கையோடு ராசம்மாள் ஒன்பது வருஷமாகப் பேசவில்லை. தெய்வாத்தாளின் மகள் ஆர்த்தியின் கல்யாணத்துக்கு அக்காவை நேரில் வந்து அழைக்கவில்லை என்பது குற்றம். எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றால் நெருங்கிய சொந்தத்தை வீடு தேடி வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, குங்குமம் கொடுத்து அழைக்கவேண்டும். பத்திரிகை அச்சாகிவர நாளாகிவிட்டதால் தெய்வாத்தாள் அவசரத்தில் போனில் சொல்லிவிட்டாள். ஊரே திரண்டு கல்யாணத்துக்குப் போனது. ராசம்மாள் மட்டும் அன்றைக்குப் பார்த்துக் கடலை பிடுங்குவேன் என்று நின்றாள். கூலிக்கு வரவேண்டிய ஆட்கள் எல்லோரும் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றரை ஏக்கரையும் புருஷனும் பெண்டாட்டியுமாகப் பிடுங்கினார்கள். மாமாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது அந்த வருஷம்தான்.

கொரோனா வந்த வருஷம் மாசி மாதம் அவர்கள் நாய் மணி செத்துப்போனது. நாய் இல்லாத காடு என்பது மயிலுக்கும் பன்றிக்கும் எப்படித்தான் தெரியுமோ, பத்தே நாளில் விருந்துக்கு வந்துவிட்டன. ஈஸ்வரன் மாமா கடலைக்காட்டில் கட்டிலைப் போட்டுத் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு படுக்கவேண்டியதாயிற்று. அந்தச் சமயம் பார்த்து ஊரடங்கு. எங்கள் ஊரிலிருந்து அந்தப் பக்கம் போகும் ரோட்டில் லாரி லாரியாக மண்ணைக் கொட்டி இடுப்பு உயரத்துக்கு அடைத்துவிட்டார்கள்.

சித்திரையில் ஆர்த்தி எனக்கு ஒரு படம் அனுப்பினாள். அவள் அம்மா வீட்டு நாய் ஐந்து குட்டி போட்டிருந்தது. நாலு போய்விட்டன, ஒரு செவலை ஆண் குட்டி மிச்சம். பெரியம்மாவுக்கு நாய் இல்லையாமே, வேண்டுமானால் மண்மேட்டுக்கு மேலேயே கொடுத்துவிடலாம் என்றாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லவேண்டுமாம், வேறு ஒருவரும் கேட்டுக்கொண்டிருக்கிறாராம்.

அன்று மாலை கிண்ணத்தோடு வந்தவளிடம் போனைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். பிறகு நகம் எத்தனை என்று கேட்டாள். நாலு காலிலும் சேர்த்து இருபது நகம் இருந்தால்தான் காவல் நாய் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. வீடியோவில் ஆர்த்தியைக் கூப்பிட்டேன். அவள் குட்டியை மல்லாத்திப் பிடித்து ஒவ்வொரு காலாகக் காட்ட, ராசம்மாள் எண்ணினாள். குட்டி நெளிந்ததில் மூன்று தடவை கணக்குத் தவறியது. நாலாவது தடவை, காலை அசையாமல் பிடிக்க இன்னொரு கை வந்தது. முழங்கை வரைக்கும்தான் தெரிந்தது. பச்சை குத்திய கை. ராசம்மாள் எண்ணுவதை நிறுத்தி அந்தக் கையையே பார்த்தாள்.

"இருபது இருக்குது," என்று எழுந்தாள். "ஆனா எனக்கு வேண்டாம்னு சொல்லிப்போடு அம்மிணி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நகத்தை எண்ணிவிட்டு வேண்டாமென்றால் என்ன அர்த்தம் என்றேன்.

"போன்ல கூப்புட்டா நான் போவனா? என்ற ஊட்டு வாசலுக்கு வந்து கூப்புடோணும்."

நாய்க்குட்டிக்கா என்று கேட்டேன். எதுக்கா இருந்தா என்ன என்று கறிவேப்பிலையை மறந்து போய்விட்டாள். அந்தப் பக்கம் தெய்வாத்தாளும் லேசுப்பட்டவள் இல்லை. நாய்க்குட்டிக்கு எவளாவது வெற்றிலை பாக்கு வைப்பாளா, ஊர் சிரிக்காதா என்றாளாம்.

ஈஸ்வரன் மாமா பால் ஊற்ற வரும்போது என் முகத்தையே பார்ப்பார். கண்ணெல்லாம் சிவந்திருக்கும். அவருக்காக நான் ஒரு பாவம் செய்தேன். இரண்டு பக்கமும் ஒவ்வொரு பொய் சொன்னேன். தெய்வாத்தாளிடம், அக்கா தினமும் வந்து குட்டியின் படத்தைப் பார்த்துவிட்டுப் போகிறாள் என்றேன். ராசம்மாளிடம், உங்கள் தங்கை தட்டைத் துலக்கி வைத்துவிட்டு ரோடு திறக்கக் காத்திருக்கிறாள் என்றேன். இதில் வேடிக்கை என்னவென்றால் முதல் பொய் மறுநாளே நிஜமாகிவிட்டது. கிண்ணத்தோடு வந்து, ஒரு கொத்தை ஒடித்துக்கொண்டு, அந்தக் குட்டி என்னாச்சு, படத்தைக் காட்டு என்று கேட்க ஆரம்பித்தாள். அந்தப் பச்சை குத்திய கை தெரிகிற இடத்தில் நிறுத்தச் சொல்வாள்.

சனிக்கிழமை ஆர்த்தியிடமிருந்து செய்தி வந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு அம்மா மண்மேட்டுக்கு வருகிறாள். தட்டோடு. வாசல் வரைக்கும் வர முடியாதென்பதால் ரோடு விட்ட தூரம் வரைக்கும் வருகிறாள்.

வெளியே போனால் எங்கே, எதற்கு என்று எழுதிய உறுதிமொழிக் கடிதம், எங்கள் பக்கத்தில் சத்தியவாங்மூலம் என்பார்கள், கையில் இருக்கவேண்டும், போலீஸ் கேட்கும். நான் மாட்டுக்கு மருந்து என்று எழுதினேன். ராசம்மாள் அதைக் கிழித்து உள்ளதை எழுதச் சொன்னாள். தங்கை அழைக்க வருகிறாள் என்று மலையாளத்தில் எழுதிக் கொடுத்தேன். மேட்டருகே நின்ற போலீஸ்காரர் அதை இரண்டு தடவை படித்தார். மாஸ்க்குக்குள் சிரித்திருக்கவேண்டும், கண் சுருங்கியது. பத்து நிமிஷம் கொடுத்தார்.

அந்தப் பக்கம் தெய்வாத்தாள் பட்டுச் சேலையில் நின்றிருந்தாள். பக்கத்தில் ஆர்த்தி, கையில் கூடை, கூடைக்கு மேலே இரண்டு காது. இந்தப் பக்கம் ராசம்மாளும் பட்டுச் சேலைதான். பின்னால் ஈஸ்வரன் மாமா, குட்டியைச் சுற்றிக் கொண்டுபோக ஒரு பழைய துண்டோடு. ஒன்பது வருஷத்தில் இரண்டு பேருக்கும் தலை நரைத்திருந்தது. அதைத்தான் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்கிறேன். நான் ஆறடி தள்ளி நிற்கச் சொல்லிச் சத்தம் போட்டேன்.

தெய்வாத்தாள் மேட்டில் ஏறி உச்சியில் தட்டை வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், குங்குமம், ஒன்றும் குறையில்லை. மாஸ்க்கை இறக்கிவிட்டுச் சொன்னாள்.

"அக்கா, நீங்களும் மாமாவும் ஊட்டுக்கு வந்து குட்டியெ எடுத்துட்டுப் போகோணுமுங்க."

ராசம்மாள் மேட்டில் ஏறினாள். குங்குமத்தை எடுத்து நெற்றியில் வைத்தாள். வெற்றிலை பாக்கை மடியில் கட்டிக்கொண்டாள். ஆர்த்தி கூடையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். மாமா துண்டை விரித்தார்.

"கூடையெ எறக்காத கண்ணு," என்றாள் ராசம்மாள். "உங்கம்மா ஊட்டுக்குத்தான கூப்புட்டா? ஊட்டுக்கு வந்தே எடுத்துக்கறேன். அதுவரைக்கும் யாருக்கும் குடுத்துராதீங்க."

தெய்வாத்தாள் ஒரு கணம் விழித்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், அழுதாளா சிரித்தாளா என்று இங்கிருந்து தெரியவில்லை. மாமா விரித்த துண்டை அப்படியே மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. வீடு வரும்வரை ராசம்மாளைத் திட்டிக்கொண்டே வந்தேன். நான் சொன்ன பொய், பட்ட பாடு எல்லாம் வீண் என்றேன். அவள் வெற்றிலை போட்டு மென்றுகொண்டே நடந்தாள்.

ரோடு திறந்து பஸ் ஓடத் தொடங்கியதும் முதல் வாரமே மாமாவையும் கூட்டிக்கொண்டு குட்டியை எடுக்கப் போனாள். மாமா மறுநாள் திரும்பிவிட்டார், பால் கறக்க ஆள் வேண்டுமே. அவள் ஒன்பது நாள் கழித்து வந்தாள், கை வீசிக்கொண்டு. குட்டிக்கு வயிறு சரியில்லையாம். அடுத்த மாதம் போனாள், அப்போது அமாவாசை குறுக்கே வந்ததாம். அதற்கடுத்த மாதம் குட்டி தாயை விட்டு வர மாட்டேன் என்றதாம். ஈஸ்வரன் மாமா கடைசியில் காட்டைச் சுற்றிக் கம்பிவேலி போட்டுவிட்டு வீட்டுக்குள் படுக்கப் போனார்.

அந்தக் குட்டிக்கு இப்போது ஐந்து வயது. கன்றுக்குட்டி கணக்காக இருக்கிறதென்று ஆர்த்தி படம் அனுப்புகிறாள். போன வியாழக்கிழமை நான் சொசைட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தபோது ராசம்மாள் பைநிறையக் கடலையோடு பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். எங்கே என்றேன். குட்டியை எடுத்துட்டு வரலாம்னு என்றாள். இந்தத் தடவையாவது கொண்டுவந்துவிடுங்கள் அக்கா, அது கிழடாகிவிடப் போகிறது என்றேன்.

பஸ் வந்து நின்றது. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"கொண்டாந்துட்டா, அப்பறம் என்னத்தெ சொல்லிட்டுப் போறது அம்மிணி?"