நாற்பத்தாறாம் டோக்கன்

என் தங்கை லவினா, ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கல்லூரியின் ரசாயனக் கூடத்தில் பத்தொன்பது வருஷமாக உதவியாளர். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவள்தான். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன்.

போன ஜூலையில் ஒரு திங்கட்கிழமை, பதினொன்று இருபதுக்கு, அமலா என்ற மாணவி கூடத்தில் மயங்கி விழுந்தாள். வீடு மைசூர் மைன்ஸ் என்ற சுரங்கக் குடியிருப்பில். அம்மா முதல் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விடுவார். காலையில் அடுப்பு எரியாது. அவளுக்கு வந்தது நோயில்லை, பசி என்று லவினாவுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

தெரியாமல் இருக்குமா? கோலார் தங்கச் சுரங்கத்தை மூடிய வருஷம் லவினா கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அப்பாவுக்கும் வேலையில்லை, எனக்கும் இல்லை. சாயங்காலம் வந்ததும் கேட்பேன், "மத்தியானம் சாப்ட்டியா?"

"ஐடா வூட்ல துன்னேண்ணா. மீன் கொழம்பு."

ஐடா அவள் வகுப்புத் தோழி. தினம் ஒரு குழம்பு சொல்வாள். இரண்டு வருஷம் நம்பினேன். பிறகு ஐடாவின் கல்யாணத்தில் அவளுக்கு நன்றி சொன்னபோது, "எங்க வூட்லயா? அவ ஒரு நாள்கூட வரலியே" என்றாள். அன்றைக்கு எனக்குப் பிரியாணி இறங்கவில்லை.

அமலா விழுந்த மறுவாரமே, கல்லூரியின் பழைய சமையலறையைக் கேட்டு வாங்கினாள் லவினா. சர்ச் சபையார் அரிசி கொடுத்தார்கள். தினமும் காலையில் சித்ரான்னம். சாப்பாடில்லாத பதினோரு பேருக்கு மட்டும் அட்டை எழுதிக் கொடுத்தாள். இரண்டு பேர்தான் வந்தார்கள்.

அமலா அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். "இத கையில புடிச்சா நான் யாருன்னு ஊருக்கே தெரியும்க்கா. நாளையிலேர்ந்து நான் காலேஜுக்கே வரல."

சொன்னபடியே வரவில்லை. லவினா வீட்டுக்கு வந்து சோறு எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். சுவரில் அப்பாவின் பித்தளை டோக்கன் மாட்டியிருந்தது. சுரங்கத்தில் அதிகாரியானாலும் கூலியானாலும் டோக்கனை மேலே பலகையில் மாட்டக் கொடுத்துவிட்டுத்தான் கேஜ் என்ற கூண்டில் இறங்க வேண்டும். ஷிப்ட் முடிந்தும் பலகையில் ஒரு டோக்கன் நின்றால், ஓர் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். தேடாமல் யாரும் வீட்டுக்குப் போகமாட்டார்கள். அப்பா தாமதமான நாட்களில், சுரங்க வாயிலிலிருந்து யாராவது வந்து "ஏறிட்டாரு" என்று சொல்லும்வரை அம்மா வாசலிலேயே நிற்பார்.

"ண்ணா, எல்லாருக்கும் டோக்கன் அடிச்சுத் தருவியா? பிரின்சிபாலுக்கும் சேத்து."

நான் வேலை பார்க்கும் பங்காருபேட்டை லேத் பட்டறையில் மூன்று ஞாயிறு, ஆராதனை முடிந்து போய், தகரத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு டோக்கன் வெட்டினேன். கையைக் கிழிக்காதபடி ஒவ்வொன்றின் விளிம்பையும் அரத்தால் ராவினேன். எல்லாருக்கும் ஒரே சோறு, ஒரே வரிசை. சாப்பிட்டவர் தன் டோக்கனை இடது பலகையிலிருந்து வலது பலகைக்கு மாற்ற வேண்டும். பத்து மணிக்கு இடது பக்கம் நிற்கும் எண்ணுக்கு உரியவரை லவினா வகுப்பு வகுப்பாகத் தேடிப் போவாள்.

மூன்று நாளாக நாற்பத்தாறு இடது பக்கமே நின்றது. அது அமலாவின் எண். நான்காம் நாள் சாயங்காலம் இருவரும் மைசூர் மைன்ஸுக்குப் போனோம். அமலா கதவைப் பாதி திறந்தாள்.

லவினா டோக்கனைக் காட்டினாள். "இது பலகையில நிக்கிற வரைக்கும் நான் வூட்டுக்குப் போவ முடியாதும்மா. நம்ம ஊரு சட்டம்."

"எல்லாருக்குமா குடுத்திருக்கீங்க?"

"பிரின்சிபாலுக்கு ஒண்ணாம் நம்பரு. ரெண்டு வாட்டி வாங்கித் துன்னுட்டு, உப்பு கம்மின்னு கொற வேற."

அமலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நாளைக்கு வருவதாகச் சொல்லவில்லை. டோக்கனை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் ஒன்பது பத்துக்குப் பட்டறையில் என் போன் அடித்தது.

"ண்ணா, நாப்பத்தாறு ஏறிடுச்சு."

அம்மா வாசலில் நின்றது ஞாபகம் வந்தது. கொஞ்ச நேரம் லேத்தை நிறுத்திவைத்தேன்.

"நீ சாப்ட்டியா?" என்றேன்.

"ஆச்சுண்ணா."

"உன் டோக்கன் எந்தப் பக்கம் இருக்குது? பாத்துச் சொல்லு."

அந்தப் பக்கம் தட்டு எடுக்கும் ஓசை கேட்டது.

"இரு, இரு. துன்னுட்டு மாத்துறேன்."

அவள் மாற்றும்வரை நான் போனை வைக்கவில்லை.