அப்பாவுக்கு அரை மணி நேர வெயில்

"நிழல்ல உட்கார்ந்து பார்க்கிற வேலையா? அது உங்க குடும்பத்துக்குச் சரிப்படாதும்மா!"

பள்ளி இறுதியான ஐந்தாம் படிவத் தேர்வு எழுதிய வருஷம், தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி என்னிடம் சொன்னது இது. இன்று ரவாங் டவுனில் ஒரு கிளினிக்கின் லேப்பில், ஏர்கோன் அறையில் வேலை செய்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமே கிடையாது!

அப்பாவுக்கும் நிழல் கிடைத்தது. முப்பது வருஷம் தோட்டத்து வெயிலில் எண்ணெய்ச் செம்பனைக் குலை வெட்டியவர், லயத்து வரிசை வீட்டை விட்டுத் தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்ததும் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தார். இரண்டு வருஷமாக எழுந்திருக்கவே இல்லை. ஜன்னல் திரை எப்போதும் மூடியிருக்கும். கையில் டின்பால் டீ.

போன வாரம் பஸ்ஸைப் பிடிக்க நாலு எட்டு வேகமாக வைத்தவர்... நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

மறுநாளே கிளினிக்குக்கு இழுத்துப் போனேன். அவர் ரத்தத்தை என் கையாலேயே டெஸ்ட் செய்தேன். சர்க்கரை ஏறியிருந்தது. கொழுப்பும்தான். டாக்டர் ஈசிஜி பார்த்தார், இப்போதைக்குப் பயமில்லை என்றார், மாத்திரை எழுதினார், பிறகு, "தினமும் காலை வெயில்ல அரை மணி நேரம் மெதுவா நடங்க" என்றார்.

"வெயில் எதுக்கு டாக்டர்?" என்றேன்.

"தோல்ல வெயில் பட்டா வைட்டமின் டி உண்டாகும். எலும்புக்கு அது வேணும், அது உறுதி. சர்க்கரைக்கும் இதயத்துக்கும் அது உதவுமான்னு ஆராய்ஞ்சு பார்த்துட்டாங்க. உறுதியா எதுவும் தெரியல. ஆனா நடந்தா நல்லது, அதுல சந்தேகமே இல்ல. மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க."

அந்த வைட்டமினை அளக்க எங்கள் லேப்பில் வசதி இல்லை. அப்பாவை அளக்க எனக்குத் தெரியும். வீடு வந்ததும் வெடித்தார்.

"முப்பது வருஷம் வெயில்ல வெந்தேனே, அது பத்தாதா?"

"அது சேர்த்து வைக்கிற சாமான் இல்லப்பா."

"உன்னை நான் படிக்க வச்சது, என்னைத் திரும்ப வெயில்ல நிறுத்தவா?"

சுருக்கென்றது. நம் ஆட்களுக்கு வெயில் என்றால் கூலி வேலை, நிழல் என்றால் முன்னேற்றம். தாமானில் எத்தனை வீட்டு ஜன்னல் திறந்திருக்கிறது, சொல்லுங்கள்? முன்னேறினோம், சரி. அதற்காக உட்கார்ந்தே இருப்பதா?

மூன்று நாள் கெஞ்சிய பிறகுதான் உண்மை வந்தது.

"காலையில நான் வெயில்ல போறதைப் பார்த்தா, படிச்ச மக அப்பனை வேலைக்கு விரட்டுறான்னு பக்கத்து வீட்டுல பேசுவாங்க. உன் பேருதான் கெடும்லா."

அவர் பயந்தது வெயிலுக்கு இல்லை. எனக்காக!

"அப்ப நானும் கூட வர்றேன். ரெண்டு பேரையும் சேர்த்துப் பேசட்டும்."

"உனக்குத்தான் காலையில வேலையாச்சே?"

நான் சிரித்தேன். ஷிஃப்டை மாற்றி டாக்டரிடம் கையெழுத்து வாங்கியாகிவிட்டது — திங்கள் முதல் எனக்கு மதிய வேலை. அப்பாவுக்குக் கேன்வாஸ் ஷூவும் வாங்கியாகிவிட்டது.