மானிட்டருக்கு ஒரு பொட்டு

நம் மெயில் குழுவுக்கு இன்று காலைச் செய்தி.

சாயங்காலம் கூடுவாஞ்சேரியிலிருந்து தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள். அவசரமாக ஜாதகம் வேண்டும் என்று, தாம்பரத்தில் கம்ப்யூட்டர் ஜாதகம் போடும் செல்வி அக்கா கடைக்கு ஓடினேன்.

"கம்ப்யூட்டர் படிச்ச புள்ளதானே, நீயே அடிச்சிக்கோ தம்பி" என்றார் அக்கா.

பெயர், பிறந்த நேரம், ஊர் எல்லாம் அடித்தேன். ஓகே பட்டனைக் காணோம். விண்டோ திரையைவிட நீளம். அடிப்பகுதி திரைக்கு வெளியே போய்விட்டது.

"ஓகே எங்கக்கா?"

"பொட்டு வெச்சிகீறேன் பாரு."

மானிட்டரின் கீழ்ச் சட்டத்தில் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு!

"அதுக்கு நேரா உள்ள கீது. நாலு தபா டேப் தட்டி என்டர் அடி."

ஐந்து தபா தட்டிவிட்டேன். அது கேன்சல். அடித்ததெல்லாம் போச்சு.

ரோஷம் வந்துவிட்டது. மறுபடி அடித்து, ஆல்ட், ஸ்பேஸ், எம் தட்டி, அம்புக்குறியால் விண்டோவை அப்படியே மேலே ஏற்றினேன். ஓகே தரிசனம் தந்தது. பிரிண்டர் கரகரத்தது. அக்காவைப் பெருமையாகப் பார்த்தேன்.

"இன்னா தம்பி, இப்ப பேர் அடிக்கிற கட்டம் மேல பூட்ச்சே! அடுத்த ஆளு இன்னா பண்ணுவாரு?"

அக்கா பொட்டைப் பிய்த்து மேல் சட்டத்தில் நட்டநடுவே ஒட்டினார்.

தங்கை இன்னும் தலைகூடப் பின்னவில்லை. மானிட்டர் நெற்றியில் பொட்டோடு தயாராக உட்கார்ந்திருக்கிறது.

குழுவில் யாருக்காவது பெண் தேடுகிறார்களா?