உடம்பு தேற ஒரு பாட்டில்

எங்கள் வீட்டில் சதை என்றால் வசதி. சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஓர் அலுவலகத்தில் நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த அப்பாவுக்குத் தொப்பை விழுந்ததை அம்மா அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொன்னாள். உடம்பில் அவளும் அவருக்குச் சளைத்தவளில்லை. சித்தப்பா நகரத்துக்கு வெளியே, புக்கிட் பாஞ்சாங்கில் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். ஆள் ஒல்லி. அவர் தீபாவளிக்கு வரும்போதெல்லாம், “உடம்பு தேறட்டும் தம்பி” என்று அம்மா ஒரு டானிக் பாட்டிலைக் கையில் திணிப்பாள். நகரத்து இரக்கம் அப்படித்தான், யாரும் கேட்காமலே வந்துவிடும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பொங்கலுக்கு நாங்களே அங்கே போனோம். பஸ்ஸிலிருந்து இறங்கி மேடேறுவதற்குள் அப்பா மூச்சு வாங்கி வழியெல்லாம் உட்கார்ந்தார். எதிரே வந்த சித்தப்பா எங்கள் பைகளையும் தங்கையையும் தூக்கிக்கொண்டு, பேசிக்கொண்டே முன்னால் நடந்தார்.

வீட்டில் அம்மா டானிக்கை நீட்டினாள். சித்தி அதை வாங்கி வைத்துவிட்டு, அப்பாவையே உற்றுப் பார்த்தாள்.

“அக்கா, மாமாவுக்கு உடம்பெல்லாம் இப்படி நீர் கோத்திருக்கே, டாக்டர்கிட்ட காட்டலையா?”

கேலி இல்லை, நிஜமான கவலை. உடனே நீர் வடிய வாழைத்தண்டை இடித்துச் சாறு பிழிந்து கொடுத்தாள். அப்பா ஒரே மூச்சில் குடித்தார். அம்மா முகம் சுண்டிப்போனது.

அடுத்த தீபாவளிக்கு அம்மா டானிக் வாங்கவில்லை. சித்தப்பா வழக்கம்போல வந்தார், தோளில் இரண்டு வாழைத்தண்டுகளோடு.

“ஒண்ணு அண்ணனுக்கு,” என்றார். “இது அண்ணிக்கு.”