முருகம்மாள் நேர்ந்த நடை

பண்ணைக்காடு என்ற மலையூரில் சண்முகராஜுக்குச் சர்க்கரை என்பது ஊருக்கே தெரியும். தும்மினாலும் நாலு வீட்டுக்குச் சொல்லிவிட்டுத் தும்முகிற மனுஷன். அவர் பொண்டாட்டி முருகம்மாளுக்கும் ஆறு வருஷமாகச் சர்க்கரைதான். அது அவளுக்கும், மாத்திரை கொண்டுவரும் நர்ஸ் ரோகிணிக்கும் மட்டுமே தெரியும்.

கம்பு தோசை அவருக்கு. மிஞ்சிய சோறு அவளுக்கு. காப்பித் தோட்டத்து வேலை முடிந்து வந்ததும் அவர் காலை மடியில் வைத்து, விரலிடுக்கைத் துடைத்து, பாதத்துக்குக் கீழே சின்னக் கண்ணாடி பிடித்துப் புண் இருக்கிறதா என்று பார்ப்பாள். மகாராஜா டி.வி. பார்ப்பார்.

டாக்டர் தினமும் நடக்கச் சொன்னதுதான் நடக்காத காரியம். டீக்கடை வரை போவார், சர்க்கரையைப் பற்றி நாலு பேருக்குப் பாடம் எடுப்பார், இரண்டு வடை தின்றுவிட்டு வருவார். அதற்கும் முருகம்மாள் ஒரு வழி கண்டுபிடித்தாள். அவருக்குச் சர்க்கரை இறங்க வேண்டும் என்று, தைப்பூசத்துக்கு வெறுங்காலில் பழனிக்கு நடப்பதாக முருகனுக்கு நேர்ந்துகொண்டாள். நடக்க வேண்டியவர் அதை டீக்கடையில் பெருமையாகச் சொல்லித் திரிந்தார்.

கிளம்ப நாலு நாள் இருக்கும்போது ரோகிணி வந்தாள். சண்முகராஜ் காலை நீட்டினார்.

"அண்ணே, ஒங்க காலு ராசா காலு. அக்கா, நீங்க காட்டுங்க."

"எங் காலுக்கு என்னத்தா கேடு? சோலி கெடக்கு, வெரசா போ."

ரோகிணி விடவில்லை. பாதத்தைத் திருப்பினாள். ஆரஞ்சு முள் ஒன்று முழுசாக உள்ளே போயிருந்தது. சுற்றிலும் சீழ்.

"எப்பக்கா குத்துச்சு?"

"குத்துச்சா?"

சரிவில் செருப்பு வழுக்கும் என்று கழற்றி வைத்து ஆரஞ்சு பறித்து மூன்று நாள் ஆகியிருந்தது.

"ஒங்களுக்கும் சர்க்கரங்கறத இனியும் மறைக்காதீங்க. வலியே தெரியல பாத்தீங்களா? இந்தக் காலோட பழனிக்குப் போனா, நீங்க வருவீங்க, காலு வராது."

சண்முகராஜ் பதறிப்போனார். "அப்ப நேர்த்திக்கடன்? கடையில எல்லார்ட்டயும் சொல்லிட்டேனே!"

முருகம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் முள்ளை எடுத்துக் கட்டுப்போட்டு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தவள் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, நல்ல காலை முக்காலியில் நீட்டி, கண்ணாடியை அவரிடம் கொடுத்தாள்.

"இந்தாங்க, இந்தக் காலாச்சும் நல்லாருக்கான்னு பாருங்க. விரலிடுக்கயும் பாருங்க."

"ஏன்டி, ஆம்பள பொம்பள காலப் புடிக்கவா? யாராச்சும் பாத்தா?"

"பதினோரு வருசமா நான் ஒங்க காலப் புடிச்சேனே, அத யாரும் பாக்கலயா? வெக்கமா இருந்தா கதவச் சாத்துங்க."

அவர் கண்ணாடியை இப்படியும் அப்படியும் புரட்டினார்.

"இன்னொன்னு. முருகனுக்கு நடைய நேந்தது நாந்தான். ஆனா சர்க்கர ஒங்களுது, நீங்களே பழனிக்கு நடந்து எறக்குங்க. செருப்ப மாட்டிக்கிட்டு நடங்க. காலு மாறுனதுக்கும் செருப்புக்கும் முருகங்கிட்ட நான் பேசிக்கிறேன்."

சண்முகராஜ் டி.வி.யைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். அவள் காலில் இருந்த கட்டைப் பார்த்தார். போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, தரையில் உட்கார்ந்து கண்ணாடியை அவள் பாதத்துக்குக் கீழே பிடித்தார்.

"ஒண்ணுமே தெரியலயே?"

"திருப்பிப் புடிங்க. அது கண்ணாடியோட முதுகு."